மூன்றாவது கொதிப்பு

ஜனவரி 19

இன்று அலுவலகக் கழிப்பறையில் மயங்கி விழுந்தேன். உள்ளே விழுந்ததால் அதிகம் பேர் பார்க்கவில்லை. கதவுக்கு அடியில் என் கால் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து பக்கத்து மேசை சியூ ஃபோங்தான் காவலரைக் கூப்பிட்டிருக்கிறாள். வலி என்று எழுதினால் போதவில்லை. ஈரத்துணியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குவது போல, அடிவயிற்றில்.

மேலாளர் புவான் நோராயினி தன் காரிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியில் கோபமில்லாமல் கேட்டார்: "மாதம் ஒரு நாள் இப்படிப் போனால், ஜூன் கடைசியில் உன்னைப் பற்றி நான் என்ன எழுதுவது, லோகேஸ்வரி?" ஜூன் வரை நான் தற்காலிகம்தான். அதற்குப் பிறகு நிரந்தரமாக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் முதல் ஆள் நான். ஓடு தயாரிக்கும் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுதான். ஆனால் அம்மா எங்கள் அடுக்குமாடி முழுக்க "என் பொண்ணு ஆபீஸ்ல இருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

அம்மா சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி என் வயிற்றில் வைத்தார்.

"எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. தோட்டத்துல ரப்பர்ப் பால் வாளியத் தூக்கிக்கிட்டே நடப்பேன். கல்யாணம் கட்டுனா சரியாப் போயிரும்னாங்க."

"போச்சாம்மா?"

"எங்க போச்சு? உங்கப்பாதான் போயிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

ஜனவரி 20

கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரை வயிற்றை எரிக்கிறது. மதியச் சாப்பாட்டின்போது சியூ ஃபோங் காதோடு சொன்னாள், பழைய டவுனில் ஒரு சின்சே இருக்கிறாராம். சீன வைத்தியர். இவளையும் இவள் அக்காவையும் அவர்தான் பார்த்தாராம்.

"ஆம்பளையா?" என்று கேட்டேன்.

"கிழவன் லா. கையை மட்டும்தான் பிடிப்பார். நீ என்ன, கல்யாணத்துக்கா மாப்பிள்ளை பார்க்கப் போகிறாய்?"

ஜனவரி 24

அம்மாவும் கூட வந்தார். தனியாக ஆண் வைத்தியரிடம் என்னை அனுப்ப மனமில்லை.

கடை முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். வேரும் பட்டையும் காய்ந்த பழமும் கலந்த ஒரு வாசனை. சின்சே சாதாரணச் சட்டை போட்டிருந்தார், மார்பில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. நாங்கள் மூவரும் பேசியது மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் வலது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். பிறகு இடது கை. நாக்கை நீட்டச் சொன்னார். என்னென்னவோ கேட்பார் என்று கூசிக்கொண்டிருந்த எனக்கு, அவர் முதலில் கேட்டது ஐஸ் மைலோவைப் பற்றி.

"தினமும் குடிக்கிறே, சரியா? உள்ள எல்லாம் குளிர்ந்து கிடக்கு. குளிர்ந்த ரத்தம் ஓடாது, அடைச்சுக்கும். அடைச்சா வலி."

அம்மாவுக்குச் சந்தேகம். "மருந்துல பல்லி கில்லி போட மாட்டீங்கதானே?"

"பல்லி வேணுமா அச்சி? சொல்லு, தனியா போட்டுத் தரேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சின்சே, "நீயும் கையைக் கொடு, ஒரே தடவையில ரெண்டு பேரையும் பார்த்திடறேன்" என்றார். அம்மா கையைச் சட்டென்று துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனக்கென்னா? எனக்கெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு. பொண்ணப் பாருங்க."

திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, மூலிகை அடைத்த தடிச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து என் அடிவயிற்றில் படாமல் காட்டினார் அவர் மருமகள். அந்தச் சூடு உள்ளே இறங்கியபோது ஏனோ அழுகை வந்தது.

மருந்தை வெள்ளைத் தாளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார் சின்சே. ஒரு பொட்டலத்தை மூன்று கிண்ணம் தண்ணீரில் போட்டு ஒரு கிண்ணமாக வற்ற வைக்க வேண்டும். அது காலைக்கு. அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாவது கொதிப்பு. அது மாலைக்கு. அதோடு சக்கையைக் கொட்டிவிட வேண்டும். கசப்புக்குத் துணையாக, சின்னப் பட்டாசு போலத் தாளில் சுருட்டிய சிவப்பு மிட்டாய் வில்லைகளும் தந்தார்.

"ரெண்டு கொதிப்புத்தானா?" என்று அம்மா வாசலில் நின்று மறுபடி கேட்டார். எதையும் வீணாக்கப் பிடிக்காது அவருக்கு.

ஜனவரி 25

மருந்து மிகவும் கசப்பு. பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா எட்டிப் பார்த்தார். அம்மாவோடு பேரங்காடியில் துப்புரவு வேலை செய்கிறவர்.

"என்னாடி பச்சையம்மா, வீடே சீனன் கடையா நாறுது? மகளுக்குச் சீன மாப்பிள்ள பார்த்துட்டியா?"

"ஆமா. ஒனக்கும் ஒருத்தன் இருக்கான், கெழவன். பல்லி சூப்பு வச்சுக் குடுப்பான்."

மாலையில் சக்கையை என்ன செய்வது என்று கேட்டேன். நடைபாதையில் பெயிண்ட் வாளியில் வளரும் கறிவேப்பிலைக்குப் போடுவதாக அம்மா சொன்னார். அடுப்பு வேலை எல்லாம் தன்னுடையதாம், நான் குடிக்க மட்டும் செய்தால் போதுமாம்.

பிப்ரவரி 17

சீனப் பெருநாள். எனக்கு மாதவிலக்கு நேற்றே வந்துவிட்டது. வலி இருந்தது, ஆனால் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். விடுமுறையில் வந்ததால் லீவு போடவும் வேண்டியிருக்கவில்லை.

மருந்து தீர்ந்துவிட்டது. சின்சே கடை திறக்க ஒரு வாரம் ஆகும். பெருநாள் சமயத்தில் மருந்து வாங்கினால் ஆண்டு முழுக்க நோய் வரும் என்று அவர்கள் யாரும் வாங்க மாட்டார்களாம். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் மருந்து காய்ச்சும் வெறும் மண்பானையைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். என்னைவிட அவருக்குத்தான் கவலை.

மார்ச் 1

அந்தச் சிவப்பு மிட்டாய் வேகமாகக் குறைகிறது. நான் ஒரு வேளைக்கு ஒரு வில்லைதான் எடுக்கிறேன். கேட்கலாம் என்று நினைத்தேன். பெற்ற தாயிடம் மிட்டாய்க்குக் கணக்குக் கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 17

நேற்று வந்தது, ஆனாலும் வேலைக்குப் போனேன்! வலி இருந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை முடித்தேன். புவான் நோராயினி என் மேசையைக் கடந்து போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போனார். சியூ ஃபோங் என் ஐஸ் மைலோவைப் பிடுங்கிக்கொண்டு சுடச்சுடத் தேநீர் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே கொறஞ்சிருச்சா? அந்தத் தண்ணியாலதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. எனக்காக இவ்வளவு சந்தோஷப்பட ஒருவர் இருக்கிறார்.

மார்ச் 22

ஒரு விஷயம். புதிதாகப் பிரித்த நாப்கின் பாக்கெட் அதற்குள் காலி. எனக்கு அதிகமாகப் போகிறதோ? மருந்தின் விளைவோ? சின்சேயிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து வாக்கியத்தை மலாயில் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன்.

மார்ச் 28

சொல்லிவிட்டேன், தலையைக் குனிந்துகொண்டு. அவர் மறுபடி என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார்.

"உன் நாடி அப்படிச் சொல்லலையே. ரத்தம் அதிகமாப் போறவ நாடி வெங்காயத்தாள் மாதிரி இருக்கும். மேல தொட்டா இருக்கும், அழுத்தினா உள்ள வெறுமை. உனக்கு அப்படி இல்ல."

சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். அம்மா இழுப்பறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிறியிருந்தார். வெயிலில் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வந்திருந்தோம்.

பேருந்தில் திரும்பும்போது அம்மா சொன்னார்: "நான்தான் அந்தப் பாக்கெட்ட எடுத்தேன். தெய்வானைக்கு. அவ கேட்டா." தெய்வானை அக்காவுக்கு அம்மாவைவிட வயது கூட. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இந்த மாதிரி விஷயங்களை நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசிப் பழகியதில்லை.

ஏப்ரல் 14

சித்திரைப் புத்தாண்டு. அம்மா கோயிலுக்கு வரவில்லை. உடம்பு அசதி என்றார். எப்போதும் முதல் ஆளாகக் கிளம்புகிறவர். "நீ போயிட்டு வா. என் பேருக்கும் ஒரு அர்ச்சனை வச்சிரு." நான் தனியாகப் போனேன். எனக்கும் முந்தாநாள்தான் வந்திருந்தது, வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். என்னை விடுங்கள், அம்மாவுக்கு என்ன?

ஏப்ரல் 26

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன். வாளியில் கிடக்கும் சக்கை வைக்கோல் போல வெளிறிக் கிடக்கிறது. கடையில் பார்க்கும்போது அந்த வேர் தேன் நிறம். இரண்டு கொதிப்பில் இவ்வளவு சாறும் இறங்கிவிடுமா என்று ஆச்சரியமாக இருந்தது.

மே 11

இன்று வந்தது. மதியம் வரை எனக்கே தெரியவில்லை.

வலி இல்லாத முதல் மாதம். இதை எழுதிவிட்டு, எழுதியதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், பல்கலைக்கழகத்தில், தேர்வு அறையில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுதிய அத்தனை தாள்களும் நினைவுக்கு வந்தன.

அம்மாவிடம் சொன்னேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலே, "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார்.

மே 30

சின்சே கடைக்கு இனி அம்மா வர வேண்டாமாம், நானே போய் வரலாமாம். "ஒனக்குத்தான் பழகிருச்சுல்ல." தனியாகப் போனேன். மருந்து கட்டும்போது சின்சே கேட்டார்: "அம்மா எப்படி?" நன்றாக இருக்கிறார் என்றேன். கட்டிய நூலை அவிழ்த்து மறுபடி கட்டினார். "வேலை எப்போ நிரந்தரமாகும்?" என்றும் கேட்டார். என் வேலையைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று பேருந்தில்தான் தோன்றியது. சியூ ஃபோங் சொல்லியிருப்பாள்.

ஜூன் 14

அம்மாவின் கைலிகள் எல்லாம் கறுப்பும் அடர்நீலமுமாகக் கொடியில் தொங்குகின்றன. பூப்போட்ட மஞ்சள் கைலியைக் காணோம். அது பழசாகிவிட்டதாம்.

படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வேடிக்கை பார்க்கிறார். கீழே ஒன்றும் இல்லை.

"கிளினிக் போலாமாம்மா?"

"ஒரு எடத்துல போய் ஒக்காந்தா நாள் பூரா ஆவும். இப்ப நீ லீவு போடக் கூடாது. ஜூன் முடியட்டும்."

"தெய்வானை அக்காவோட போங்களேன்."

"அவ வாயி சும்மா இருக்காது. எனக்கு ஒண்ணுமில்லலா. வயசாவுதில்ல?"



ஜூன் 30

கடிதம் கிடைத்துவிட்டது. புவான் நோராயினி கை குலுக்கி, "ஜனவரிக்குப் பிறகு ஒரு நாள்கூட லீவு போடவில்லை, பார்த்தாயா?" என்றார். சியூ ஃபோங் எல்லோர் முன்னாலும் கைதட்டினாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு ஏதாவது இனிப்பு வாங்கலாம் என்று ரொட்டிக்கடை முன்னால் நின்றேன். அவருக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. எனக்குப் பிடித்த, மாவில் முக்கிப் பொரிக்கும் வாழைப்பழப் பொரியலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். ஆங்கிலம் தெரியாது. கையெழுத்து இருந்த இடத்தை விரலால் தடவினார்.

"இனிமே லீவு போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா. இனிமே அது நம்ம உரிமை."

"வேலைய விட்டுத் தூக்க முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். வாழைப்பழப் பொரியலில் ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"அப்போ நாளைக்கு ஒரு நாள் லீவு போடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"யாருக்கு?" என்று கேட்டேன்.

ஜூலை 1

பெண் மருத்துவர்தான். தமிழ்ப் பெண். "எத்தன நாளா ரத்தம் போவுது?" என்று அவர் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாளாத்தான்." மருத்துவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"போன தீபாவளிக்கு முன்னாடியிருந்து, டாக்டர். நின்னுபோனது திரும்பி வந்திருக்கு, சும்மா போயிரும்னு பார்த்தேன்."

நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். கைகளை எப்படிக் கழுவுவது என்ற படம். அதை முழுக்கப் படித்தேன்.

ஜூலை 17

முடிவு வந்தது. கர்ப்பப்பை. வெளியேயும் பரவியிருக்கிறதாம். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. இத்தனை ஆண்டு படிப்பில் இதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. "கட்டி இருக்காம்மா" என்றேன்.

"கரையுமா?"

"மருந்து குடுப்பாங்களாம்."

"கசக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஜூலை 26

தெய்வானை அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பேரங்காடிக் கழிப்பறையில் அம்மா துணி மாற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

"உங்கிட்ட சொன்னா என் பொணத்துலதான் முழிப்பேன்னு சத்தியம் வாங்கிட்டா பாவி. 'லோகா லீவு போட்டுச்சுன்னா வேல போயிரும், ஜூன் வரைக்கும் வாயத் தொறக்காதே'ன்னா. நீ குடிச்சிட்டு வச்ச சக்கையத்தான் மறுபடி வேவவச்சுக் குடிப்பா. அந்தத் தண்ணி எம்பொண்ணு வயித்து வலியவே நிறுத்திருச்சு, இத நிறுத்தாதான்னுவா."

"அக்கா, போதும்" என்றேன். அவர் நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 4

வார்டில் இருந்து எழுதுகிறேன். நேற்று எனக்கு வந்தது. ஒரு மாதமாக மருந்து வைக்கவில்லை. பழைய வலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கண்ணைத் திறந்து, நாள் கணக்கை மறக்காமல் கேட்டார்: "இந்த மாசம் வலிச்சிச்சா?"

"இல்லம்மா."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் மணிக்கட்டு போர்வைக்கு வெளியே கிடந்தது. மூன்று விரல்களை அதன்மேல் வைத்தேன். அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 23

கஞ்சி இரண்டு கரண்டி. கைலி இரண்டு துவைத்தேன். தலை சீவிவிட்டேன்.

செப்டம்பர் 9

இன்று காலை அம்மா போய்விட்டார்.

செப்டம்பர் 27

அம்மாவின் வேலைச் சட்டை ஒன்று அலமாரியில் இருந்தது, பச்சை நிறம். துவைக்கலாம் என்று பையில் கை விட்டேன். சிவப்பு மிட்டாய் சுற்றும் தாள்கள், நான்காக மடித்தவை, கை நிறைய. ஒரு வில்லையும் இல்லை. துவைக்காமல் திரும்ப மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 3

சின்சே கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மே மாசம் தனியா வந்தாங்க. நாடி பார்த்தேன். இது என் கையில இல்ல அச்சி, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னேன். மகள் வேலை நிரந்தரமாகட்டும்னாங்க. நான் உன்கிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லியிருக்கணும். ஆனா அவங்க என்னை நம்பிச் சொன்ன விஷயம் அது."

அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் என்னிடம் இருந்தது. அந்தச் சக்கைத் தண்ணீர் அம்மாவின் ரத்தப்போக்கைக் கூட்டியிருக்குமா? அது ரத்தத்தை ஓட வைக்கிற மருந்துதானே?

"எத்தனாவது கொதிப்பு?"

"மூன்றாவது."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அதுல ஒண்ணும் இருக்காது. கெடுக்கவும் இருக்காது, காப்பாத்தவும் இருக்காது."

எனக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மிட்டாயையும் மறக்காமல் வைத்தார்.

அக்டோபர் 4

காலையில் நானே அடுப்பைப் பற்றவைத்தேன். மூன்று கிண்ணம் ஒரு கிண்ணமாக வற்றியது. குடித்தேன். பல்லைக் கடிக்க வைக்கும் அதே கசப்பு. மாலையில் இரண்டாவது. கசப்பு பாதி குறைந்திருந்தது. சக்கையைக் கறிவேப்பிலை வாளிவரை கொண்டுபோனேன். கொட்ட முடியவில்லை. திரும்ப வந்து தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன்.

மூன்றாவது கொதிப்பில் வெறும் நிறம்தான் இருக்கிறது. தேநீர்க் கிண்ணத்தைக் கழுவிய தண்ணீர் போல. வாசனைகூட இல்லை. அம்மா தினமும் நின்று குடித்திருக்கக்கூடிய அதே இடத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முழுக்கக் குடித்தேன். சின்சே சொன்னது உண்மைதான்.

பழக்கத்தில் மிட்டாய்த் தாளைப் பிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. வாய் கசக்கவே இல்லை. இந்தத் தண்ணீருக்குப் பின் மிட்டாய் தேவையே இல்லை.

அப்படியென்றால் அம்மா அந்த மிட்டாயைப் பிடித்துப்போய்த்தான் தின்றிருக்கிறார்.

தாளை நான்காக மடித்தேன்.